பந்து காலில் இல்லாதபோது

2022 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை. கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தில், பிற்பகல் மூன்றரை மணிக்கு லுசைல் அரங்கில் அர்ஜென்டினாவும் சவுதி அரேபியாவும் ஆடத் தொடங்கியபோது, பாளையங்கோட்டை முருகன்குறிச்சிக்கு அருகில் நாங்கள் வழக்கமாகக் கூடும் டீக்கடையில் சவுதிக்காகப் பேச ஒருவர்கூட இல்லை. ஆட்டம் முடிந்த பிறகும் இல்லை. 36 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத அர்ஜென்டினா 2-1 என்று தோற்றிருந்தது. கடையில் இருந்த பதினைந்து இருபது பேரும் அதற்குக் கண்டுபிடித்த காரணம் ஒன்றே ஒன்றுதான்: குருட்டு அதிர்ஷ்டம். முதல் பாதியில் மூன்று கோல்களை ஆஃப்சைடு (சக வீரர் பந்தை அனுப்பும் கணத்தில் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி முன்னே நிற்பது) என்று அழித்துவிட்டார்களே, அவற்றில் ஒன்று நின்றிருந்தால்கூட ஆட்டம் வேறு மாதிரி போயிருக்குமே என்று, உவரியிலிருந்து வந்து இங்கே கல்லூரியில் படிக்கும் தம்பி கண் கலங்கச் சொன்னான். வெள்ளையும் நீலமும் கோடிட்ட பத்தாம் எண் சட்டையை அவன் காலையிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

கடையின் ஓரத்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்த பி.டி. சார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "மூணு கோலு அழிஞ்சுதுன்னு சொல்லுதீங்க. அழிச்சது யாருன்னு யாராவது பாத்தீங்களா?"

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஓர் உலகக் கோப்பை முழுவதும் நாங்கள் அந்த பெஞ்சில் உட்கார்ந்து வாதாடியதெல்லாம், சுற்றிச் சுற்றி அந்தக் கேள்விக்கே வந்து நின்றது. ஒரு நாட்டின் அணி நன்றாக ஆடியதா இல்லையா என்பதை, அதன் காலில் பந்து இருந்தபோது செய்ததைக் காட்டிலும், பந்து இல்லாதபோது செய்ததை வைத்தே எடைபோட வேண்டும் என்பது இன்று என்னுடைய உறுதியான எண்ணம். அதற்கு முன்பு இருபது ஆண்டுகளாக நான் பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவன்.

பி.டி. சார் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் ஸ்டாப்பர் பேக்காக, அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று தடுப்பவராக, ஆடியவர். இப்போதும் அவருடைய பேச்சில் ரைட் அவுட், லெஃப்ட் இன், சென்டர் ஹாஃப் என்ற பழைய பெயர்கள்தான் வரும். ஒவ்வோர் ஆண்டும் காயல்பட்டினத்தில் நடக்கும் அகில இந்தியக் கால்பந்துப் போட்டியைப் பார்க்க, அவர் வேலையில் இருந்த காலத்தில் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி அழைத்துப் போவார். காயல்பட்டினத்துக்காரர்கள் கோலுக்கு மட்டுமன்றி, ஒரு பேக் சரியான நேரத்தில் குறுக்கே கால் வைத்துப் பந்தைப் பறித்தாலும் எழுந்து கை தட்டுவார்கள் என்று பெருமையாகச் சொல்வார். அந்த ஊர்க் கூட்டத்தைப் பார்த்துத்தான், ஆட்டம் பார்ப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வித்தை என்று தமக்குத் தெரிந்ததாம்.

அன்று அவர் சொன்ன கணக்கு இது. முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினா 7 முறை ஆஃப்சைடில் சிக்கியது. ஆட்டம் முடிவதற்குள் 10 முறை. அதிர்ஷ்டம் ஒரு முறை வரும், இரண்டு முறை வரும், ஒரே மாலையில் பத்து முறை ஒரே வீட்டுக்கதவைத் தட்டுமா என்று கேட்டார். அரங்கின் கூரைக்கடியில் 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை அளந்துகொண்டிருந்த உலகக் கோப்பை அது. தோள்பட்டை அளவுக்கு முன்னே நீட்டிக்கொண்டிருந்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். நாங்கள் எல்லோரும் அந்தக் கருவியைத் திட்டினோம். ஆனால் கருவி அளக்க மட்டுமே செய்தது. அர்ஜென்டினாவின் முன்வரிசை வீரர் லௌதாரோ மார்டினெஸை அந்தத் தோள்பட்டை தூரத்துக்கு வெளியே நிறுத்தியவர்கள், நடுக்கோட்டுக்கு அருகிலேயே வரிசை கட்டி நின்ற சவுதியின் நான்கு பேக்குகள்.

இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்கு, அவர் இன்றும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் பள்ளி மைதானத்துக்கு வரச் சொன்னார். முந்தின இரவு தூறியிருந்ததால் மண் காலில் ஒட்டியது. தென்னை நாரில் திரித்த நீளமான தாம்புக்கயிறு ஒன்றை அவர் கொண்டுவந்திருந்தார். சம தூரத்தில் நான்கு முடிச்சுகள் போட்டிருந்தார். ஒவ்வொரு முடிச்சையும் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இடது ஓரத்து முடிச்சு எனக்கு. எங்களுக்கு எதிரே ஒரு பையன் பந்தோடு நின்றான். உவரித் தம்பி எங்கள் வரிசையை ஒட்டி, ஓடத் தயாராக நின்றான். பந்தை அனுப்பப் போகிறவனின் கால் பின்னால் போகும் கணத்தில் சார் கை தட்டுவார். நாங்கள் நால்வரும் ஒரே அடியாக முன்னே வர வேண்டும். கயிறு தொய்யவும் கூடாது, இழுபடவும் கூடாது.

முதல் ஏழெட்டு முறை அது நடக்கவில்லை. ஒருமுறை நடுவில் கயிறு தொய்ந்து தரையைத் தொட்டது. இன்னொருமுறை என் பக்கத்தில் நின்றவர் முந்திவிட, நார் என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போயிற்று. யாரோ ஒருவர் அரை அடி பிந்தினால் போதும், தம்பி அந்த அரை அடியின் புண்ணியத்தில் ஆன்சைடாகிக் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பான். மற்ற மூவரும் சரியாக வந்திருந்தும் பயனில்லை. பத்தாவது முறையோ பதினோராவது முறையோ, கை தட்டும் ஓசையும் எங்கள் நால்வரின் காலடியும் ஒன்றாக விழுந்தன. கயிறு என் கையில் அசையவே இல்லை. தம்பி எங்களுக்குப் பின்னால் இரண்டு அடி தள்ளித் தனியாக நின்றிருந்தான். அவன் முகத்தில் முந்தின நாள் மெஸ்ஸியின் முகத்தில் பார்த்த அதே திகைப்பு இருந்தது.

"இத கயிறு இல்லாம, எதுக்க மெஸ்ஸி நிக்கும்போது, கை தட்ட ஆளில்லாம பத்து தடவ செஞ்சிருக்கான். அது அதிர்ஷ்டமாவே?" என்றார் சார், என்னைப் பார்த்து.

சவுதி அணியின் 26 பேரும் உள்நாட்டுக் கழகங்களில் ஆடியவர்கள். அவர்களில் பலர் அல் ஹிலால் என்ற ஒரே கழகத்துக்காரர்கள். கயிறு இல்லாமலே ஒருவரின் காலடி அடுத்தவருக்குத் தெரிந்திருந்ததற்கு அந்தப் பழக்கமே காரணம் என்று நினைக்கிறேன். இடைவேளையில் பயிற்சியாளர் ஹெர்வே ரெனார் வீரர்களைக் கடிந்துகொண்ட காட்சி பின்னர் வெளிவந்தது. மெஸ்ஸியை நெருங்காமல் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிறீர்களே, அவரோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் கைபேசியை எடுத்துக்கொண்டு போங்கள் என்ற பொருளில் அவர் கத்துவார். பந்து நம்மிடம் இல்லாத நேரத்தில் எங்கே நிற்கிறாய் என்பதைப் பற்றிய கோபம் அது. 48-ஆவது நிமிடத்தில் சாலிஹ் அல் ஷெஹ்ரியும், 53-ஆவது நிமிடத்தில் சாலிம் அல் தவ்சரியும் அடித்த கோல்கள் அதற்குப் பின் வந்தவை.

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. மேலப்பாளையத்தில் துணிக்கடை வைத்திருக்கும் என் நண்பர், பிறவியிலேயே பிரேசில் ரசிகர், நான்கு நாள் கழித்துச் சவுதி போலந்திடம் 0-2 என்று தோற்றதும் வெற்றிலை போட்ட வாயோடு சிரித்தார். பிறகு மெக்சிகோவிடமும் 1-2 என்று தோற்று அந்த அணி வீடு திரும்பியது. அவ்வளவு பெரிய வித்தை தெரிந்தவர்கள் முதல் சுற்றைக்கூடத் தாண்டவில்லையே என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அந்த முறைக்கு உடல் கொடுக்க வேண்டிய விலை பெரிது என்பதே எனக்குத் தெரிந்த பதில். அர்ஜென்டினா ஆட்டத்திலேயே அணித்தலைவர் சல்மான் அல் ஃபராஜ் முதல் பாதியில் காயத்தோடு வெளியேறினார். யாசிர் அல் ஷஹ்ரானி சொந்த கோல்கீப்பரின் முழங்கால் முகத்தில் மோதி மருத்துவமனைக்குப் போனார். போலந்துக்கு எதிராகக் கிடைத்த பெனால்டியும் தடுக்கப்பட்டது. ஆனாலும் ஓர் அணியின் ஒரு நாள் உழைப்பை, அதற்கு அடுத்த வாரத்துத் தோல்வி பொய்யாக்கிவிடாது என்பதை நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ஜப்பானைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதத் தேவையில்லை. அந்த ஆட்டங்களைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். ஜெர்மனியிடம் 0-1 என்று பின்தங்கியிருந்தபோது, இடைவேளையில் பயிற்சியாளர் மொரியாசு பின்வரிசையை மூன்று பேக்குகளாக மாற்றினார். பிறகு மாற்று வீரர்களாக வந்த தோவானும் அசானோவும் 75, 83-ஆவது நிமிடங்களில் கோலடித்தார்கள். இருவருமே அப்போது ஜெர்மனியின் கழகங்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஸ்பெயினுடனான ஆட்டம் நம் நேரப்படி நள்ளிரவு 12.30-க்கு. கடை அடைத்துவிட்டதால், நாங்கள் நால்வர் சாரின் வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து பார்த்தோம். கோட்டைத் தாண்டிவிட்டதென்று எல்லோரும் நினைத்த பந்தை மிதோமா உள்ளே திருப்பிவிட, தனகா கோலடித்த அந்த ஆட்டத்தில், பந்து கோட்டுக்குள் இருந்த அளவு 1.88 மில்லிமீட்டர். அடுத்த ஒரு வாரம் ஊர் முழுக்க அந்த மில்லிமீட்டரைப் பற்றியே பேசியது. வெளியே போகும் பந்தைத் துரத்தி அந்த இடம்வரைக்கும் எதற்காக ஒருவன் ஓடிவந்தான் என்று யாரும் பேசவில்லை. வென்ற அந்த ஆட்டத்தில் ஜப்பானிடம் பந்து இருந்தது 18 விழுக்காட்டுக்கும் குறைவான நேரமே. இரண்டுக்கும் நடுவில் கோஸ்டாரிகாவுடன் ஆடியபோது, பந்து பெரும்பாலும் ஜப்பானிடம்தான் இருந்தது. அந்த ஆட்டத்தில்தான் அவர்கள் தோற்றார்கள்.

டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை இரவை என் மேலப்பாளையம் நண்பர் மறக்கமாட்டார். பிரேசிலும் குரோவேஷியாவும் காலிறுதியில் ஆடின. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, தென்காசி பிரியாத அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் ஏறத்தாழ 30.77 லட்சம் பேரும், தூத்துக்குடி மாவட்டத்தில் 17.5 லட்சம் பேரும் இருந்தார்கள். குரோவேஷியா முழுவதையும் சேர்த்தால் 40 லட்சத்தை எட்டாது. நம் பழைய நெல்லைச் சீமையைவிடச் சிறிய மக்கள்தொகை கொண்ட நாடு 2018-இல் இறுதிப்போட்டி வரை போனது என்பதை இன்றும் என்னால் வியக்காமல் சொல்ல முடியவில்லை.

கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும் தறுவாயில் நெய்மர் அடித்த கோல், அந்த உலகக் கோப்பையிலேயே அழகான கோல்களில் ஒன்று. நண்பர் பெஞ்சின்மேல் ஏறி நின்றார். கடைக்கார அண்ணாச்சி அவருக்காகவே ஒரு டீயைப் போட்டு நீட்டினார். ஆட்டம் முடிய மூன்று நிமிடங்களே இருந்தன; 1-0 என்று முன்னிலை. அந்த நேரத்தில் பிரேசில் இன்னும் ஒரு கோலுக்காக மேலே ஏறிப் போய், எதிராளியின் பாதியில் பந்தைத் தவறவிட்டது. இடது பக்கமாக ஓர்சிச் ஓடிவந்து உள்ளே தள்ள, பெட்கோவிச் அடித்த பந்து மார்கினோஸின் காலில் பட்டுத் திசைமாறிக் கோலுக்குள் போனது. 117-ஆவது நிமிடம் அது. ஆட்டம் முழுவதிலும் குரோவேஷியா கோலை நோக்கிச் சரியாக அடித்த முதல் பந்தும் அதுதான். பெனால்டிகளில் பிரேசில் 2-4 என்று தோற்றது.

நண்பர் அன்றிரவு எதுவும் பேசவில்லை. டீ ஆறிப்போய் ஆடை கட்டி அப்படியே இருந்தது. மூன்று நாள் கழித்து அவருடைய கடைக்குப் போனபோது, சேலைகளை மடித்துக்கொண்டே அவராகவே சொன்னார்: "நெய்மரத்தான் நாம பாத்தோம். அந்த மூணு நிமிசம் ரெண்டு பேரு பின்னால போய் நின்னிருந்தா போதும்வே." பிரேசில் ரசிகர் ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதற்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பதை, அவரை முப்பது ஆண்டுகளாக அறிந்தவன் என்ற முறையில் நான் அறிவேன். அதிர்ஷ்டம், நடுவர், பெனால்டி என்று சாக்குச் சொல்ல எத்தனையோ இருந்தும், அவர் எதையும் சொல்லவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை மொராக்கோவின் ஆட்டம். நான் எழுத வேண்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தது இதைத்தான். அந்த அணி குரோவேஷியாவோடு 0-0, பெல்ஜியத்தோடு 2-0, கனடாவோடு 2-1 என்று முதல் சுற்றைக் கடந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள் போட்ட ஸ்பெயினை 120 நிமிடம் கோலடிக்கவிடாமல் நிறுத்தி, பெனால்டிகளில் 3-0 என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தது. காலிறுதியில் போர்ச்சுகல். துணிக்கடை நண்பரின் தம்பி தோஹாவில் மின்பணி செய்கிறார். அவருக்கு அல் துமாமா அரங்கில் இந்த ஆட்டத்துக்கான டிக்கெட் கிடைத்திருந்தது. அரபு ஆண்கள் தலையில் அணியும் பின்னல் தொப்பியின் வடிவில் கட்டப்பட்ட அரங்கு அது. மேல்வரிசையில் இடம். இடைவேளையின்போது அண்ணனுக்கு அவர் அனுப்பிய குரல் பதிவை, ஒலிபெருக்கியில் வைத்து எல்லோரும் கேட்டோம்.

முதலில் சீழ்க்கை ஒலிதான் கேட்டது. போர்ச்சுகல் காலில் பந்து போனாலே அரங்கு முழுவதும் சீழ்க்கை அடிக்கிறது என்றார். பிறகு அவர் சொன்னதை நான் மறுநாளே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். டிவியில் பார்க்கும்போது கேமரா பந்தையே துரத்துவதால், நாமும் அதையே பார்க்கிறோம். மேலே உட்கார்ந்து பார்த்தால் பந்து ஒரு கடுகு போலச் சிறுத்துவிடுகிறது, ஆட்கள்தான் தெரிகிறார்கள். மொராக்கோவின் பத்துப் பேரும், பந்து வலப்புறம் போனால் பத்தமடைப் பாயைச் சுருட்டுவது போல வலப்புறமாக ஒடுங்கி, இடப்புறம் போனால் அதே பாயை விரிப்பது போல இடப்புறம் நகர்கிறார்கள். நடுவில் ஓட்டை விழவே இல்லை. சொந்த ஊரில் பாய் முடைவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு மட்டுமே தோன்றும் உவமை அது. சார் அந்தப் பதிவை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார்.

மொராக்கோ கோலுக்கு முன்னால் கூட்டமாக நின்றுகொண்டது, அதெல்லாம் ஓர் ஆட்டமா என்று அன்று கடையில் இருந்த போர்ச்சுகல் ரசிகர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டமாக நிற்பது வேறு, ஒன்றாக நகர்வது வேறு. கூட்டத்தில் ஒருவர் விலகினால் இடம் காலியாகும். மொராக்கோவின் பின்வரிசையில் என்ன நடந்தது என்று பாருங்கள். அகெர்த் காயத்தால் ஆடவில்லை. அவருக்குப் பதில் எல் யமீக். மஸ்ரவி இல்லை, அவருக்குப் பதில் அத்தியத் அல்லா. அணித்தலைவர் சாயிஸ் இரண்டாம் பாதியில் தொடையைப் பிடித்துக்கொண்டு விழ, தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள். அவருக்குப் பதில் தாரி. நான்கு பேரில் மூவர் மாறிவிட்டார்கள். கடைசி நிமிடங்களில் செத்திரா சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேராக ஆடினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் வரிசை குலையவில்லை. சவுதி ஆட்டத்தின் மறுநாள் காலை மைதானத்தில் சாரின் கயிற்றைப் பிடித்தவன் என்பதால் எனக்கு இது உடலாலேயே விளங்கியது: கைகள் மாறலாம், கயிறு தொய்யக் கூடாது. அந்தப் பாயின் நடுநரம்பாக நின்றவர் சொஃபியான் அம்ரபத். சார் அவரைக் கடைசி வரைக்கும் "அந்த சென்டர் ஹாஃப்" என்றே குறிப்பிட்டார்.

அன்றைய ஒரே கோல் 42-ஆவது நிமிடத்தில் வந்தது. அத்தியத் அல்லா இடப்புறத்திலிருந்து தூக்கிப் போட்ட பந்தை, எந்நெசிரி எகிறி ஹெட் செய்தார். அவர் தலை எட்டிய உயரம் 2.78 மீட்டர் என்று கணக்கிட்டார்கள். கோல் கம்பத்தின் உயரமே 2.44 மீட்டர்தான். அந்த வெற்றியோடு, உலகக் கோப்பையின் அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க நாடாயிற்று மொராக்கோ. அதுவரை ஐந்து ஆட்டங்களில் அவர்கள் வாங்கிய ஒரே கோல், கனடாவுக்கு எதிராகத் தாங்களே போட்டுக்கொண்ட செல்ஃப் கோல். பயிற்சியாளர் வாலித் ரெக்ராகி பொறுப்பேற்றது அந்த ஆண்டு ஆகஸ்டில்தான். நான்கு மாதத்தில் ஓர் அணியை இப்படிச் சேர்த்துக் கட்ட முடியும் என்று நான் நம்பியதில்லை. ஆனால் நான்கு மாதம் என்று மட்டும் சொல்வதும் முழு உண்மையாகாது. 2009-இல் தொடங்கிய முகமது VI கால்பந்துப் பயிற்சிக் கழகத்தில் வளர்ந்தவர்கள் எந்நெசிரியும் அகெர்த்தும் ஊனாஹியும். 26 பேரில் 14 பேர் வேறு நாடுகளில் பிறந்து, பெற்றோரின் நாட்டுக்காக ஆட வந்தவர்கள். பிழைப்புக்காகப் பிள்ளைகள் கடல் கடந்துபோன மேலப்பாளையத்திலும் காயலிலும் அந்த அணிமேல் அவ்வளவு பாசம் பொங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

அரையிறுதியில் பிரான்ஸிடம் 0-2 என்று தோற்றார்கள். ஐந்தாவது நிமிடத்திலேயே கோல் வாங்கிவிட்டதால் பந்தை எடுத்துக்கொண்டு முன்னேற வேண்டியதாயிற்று. பந்து அவர்களிடம்தான் அதிக நேரம் இருந்தது. அகெர்த் இறங்கவே இல்லை, சாயிஸ் 21-ஆவது நிமிடத்தில் வெளியேறினார். அதைப் பற்றி மேலும் எழுத மனம் வரவில்லை.

மார்கழி மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரைக்கு அர்ஜென்டினாவும் பிரான்ஸும் ஆடிய இறுதிப்போட்டி. 3-3, பிறகு பெனால்டிகளில் அர்ஜென்டினா 4-2 என்று வென்றது. ஆட்டத்தைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அதன்பின் நள்ளிரவு தாண்டியும் நடந்த வாதத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது என் எண்ணத்துக்கே எதிரானது. பந்து இல்லாதபோது ஓடுவதுதான் முக்கியம் என்கிறீர்களே, மெஸ்ஸி பாதி ஆட்டம் நடந்துகொண்டுதானே இருக்கிறார், அவர் கையில்தானே கோப்பை இருக்கிறது என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டார். நல்ல கேள்வி. சவுதியிடம் தோற்ற நாளில் தொடக்கத்தில் இறங்கிய பதினொருவரையும், இறுதிப்போட்டியில் இறங்கிய பதினொருவரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், மூன்றே மூன்று பெயர்கள்தாம் மாறியிருக்கும். பரெதெஸ், பாப்பு கோமெஸ், லௌதாரோ போய், என்சோ ஃபெர்னாண்டஸ், மக் அலிஸ்தர், ஹூலியன் ஆல்வரெஸ். வந்த மூவருக்கும் இருபதை ஒட்டிய வயது. மெஸ்ஸி நடந்த தூரத்தையும் சேர்த்து ஓடியவர்கள் அவர்களும் தெ பாலும். "அவன் நடக்கல, பாத்துக்கிட்டு இருக்கான். அவன் பாக்கறதுக்காக மத்தவன் ஓடுதான்" என்றார் சார். அர்ஜென்டினாவின் பயிற்சியாளர் ஸ்கலோனி முதல் தோல்வியிலேயே அதைக் கண்டுகொண்டார் என்பது என் கருத்து.

அதிர்ஷ்டம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இறுதிப்போட்டியில் 120 நிமிடமும் கடந்து மூன்றாவது நிமிடத்தில், நீண்ட பந்து ஒன்று அர்ஜென்டினாவின் பின்வரிசைக்கு மேலாகப் போய் விழ, பிரான்ஸின் கோலோ முவானி கோல்கீப்பரோடு தனியே நின்றார். கயிறு முற்றிலும் அறுந்துபோன கணம் அது. எமிலியானோ மார்டினெஸ் நீட்டிய இடது கால் மட்டும் மிச்சமிருந்தது. உவரித் தம்பி அப்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தான். என்ன ஆனது என்று அவனுக்கு நாங்கள்தான் சொன்னோம்.

இதையெல்லாம் இவ்வளவு நாள் கழித்து எழுதுவதற்குக் காரணம் நம் அணிதான். 2024 ஜனவரி 13, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஆசியக் கோப்பையில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடின. பதின்மூன்று மாதங்களுக்கு முன்பு அர்ஜென்டினாவும் இதே ஆஸ்திரேலியாவும் மோதிய அதே அகமது பின் அலி அரங்கு. பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை என்பதால், எங்கள் கடை வாசலில் கரும்புக் கட்டுகளும் மஞ்சள் குலைகளும் குவிந்திருந்தன. டிவியைப் பார்த்தவர்கள் சாரையும் என்னையும் சேர்த்து நான்கு பேர். ஆண்கள் ஆசியக் கோப்பையில் முதன்முதலாகப் பெண் ஒருவர், ஜப்பானின் யமஷிதா யோஷிமி, நடுவராக நின்ற ஆட்டம் அது. இந்தியாவின் அப்போதைய பயிற்சியாளர் இகோர் ஸ்திமாச், 1998-இல் மூன்றாம் இடம் பிடித்த குரோவேஷிய அணியில் பேக்காக ஆடியவர்.

முதல் பாதி முழுவதும் இந்தியா கோல் வாங்கவில்லை. 16-ஆவது நிமிடத்தில் சேத்ரியின் ஹெட் கம்பத்துக்கு வெளியே போனது. அது மட்டும் உள்ளே போயிருந்தால் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. ஜிங்கன் நடுவில் நின்று கைகாட்டி, வரிசையை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தார். கரும்பு விலை கேட்க வந்தவர்கள் ஆட்டம் என்ன ஆச்சு என்று கேட்டு, இன்னும் கோல் இல்லை என்றதும் போய்விட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை ஒன்றும் நடக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை, இந்திய அணி ஆடி நான் பார்த்த மிகச் சிறந்த நாற்பத்தைந்து நிமிடங்களில் அவையும் சேரும். 50-ஆவது நிமிடத்தில் கோல்கீப்பர் குர்பிரீத் தட்டிவிட்ட பந்து நேராக ஆஸ்திரேலியாவின் இர்வினின் காலில் விழுந்தது, 73-இல் இன்னொன்று. 0-2. பிறகு உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பினார்கள்.

அந்தத் தோல்விகளுக்காக அணியின்மேல் கோபப்பட வேண்டியவர்கள் கோபப்படட்டும். எனக்கும் கோபம் உண்டு. ஆனால் சவுதியையும் மொராக்கோவையும் வாயாரப் புகழ்ந்த அதே பெஞ்சில், நம் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் அதையே செய்துகாட்டியதைப் பார்க்க ஆள் இல்லாமல் போனதுதான் என்னை அதிகம் வருத்தியது. சிரியா ஆட்டம் முடிந்த மாலை, சார் வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு காசைக் கொடுத்துவிட்டு எழுந்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலை யாராவது பிள்ளைகள் இருந்தால் அனுப்பு என்று கடைக்கார அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது ஐந்து பையன்கள் வந்திருந்தார்கள். கயிற்றைப் பிடிக்க நால்வர் போதும். ஐந்தாமவனை சார் கோலில் நிறுத்தியிருந்தார்.